கையில் கொடுத்த சிவிங்கி

மாரா வனவிலங்குச் சரணாலயத்தில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு சந்தை உண்டு. கடை கிடையாது, தராசு கிடையாது. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் புல்வெளி நடுவே ஜன்னலோடு ஜன்னலாக நின்றால் சந்தை கூடிவிட்டது என்று அர்த்தம். நீ எனக்கு ஒரு சிறுத்தையைச் சொல், நான் உனக்கு ஒரு சிங்கக் கூட்டத்தைச் சொல்கிறேன். வண்டியில் வந்த வெள்ளைக்காரர்கள் டிரைவர்கள் ஏதோ குசலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கழுத்தில் தொங்கும் காமிராவைத் துடைப்பார்கள்.

சரக்கு இரண்டு ரகம். ரேடியோவில் வருவது பொதுச் சரக்கு. எல்லோருக்கும் காது இருக்கிறது, எவனும் போகலாம். அதிலும் விருந்தாளிகளுக்குப் புரியாதபடி சிங்கத்துக்கு மீசைக்காரர், சிறுத்தைக்கு மாடிவீட்டுக்காரர், சிவிங்கிப்புலிக்கு ஓட்டக்காரி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாவது ரகம் ஜன்னல் வழியாகக் கையில் கொடுப்பது. கையில் வாங்கினதை ரேடியோவில் போடக்கூடாது, கொடுத்தவனைக் கேட்காமல் இன்னொருத்தன் கையில் மாற்றவும் கூடாது. எழுதி வைத்த சட்டம் எதுவுமில்லை. மீறினவனுக்கு அடுத்த நாளிலிருந்து எந்த ஜன்னலும் இறங்காது, அவ்வளவுதான்.

நைரோபிக்காரன் முச்சிரி இந்தச் சந்தையில் பத்தொன்பது வருஷமாகப் பழம் தின்று கொட்டை போட்டவன். அவன் லேண்ட் குரூசரில் ஏறினால் சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஐந்தையும் பார்க்காமல் யாரும் ஊர் திரும்பியதில்லை என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டதே அவன்தான். நாளாவட்டத்தில் ஊரே அதை நம்பிவிட்டது, பிறகு அவனும் நம்பிவிட்டான்.

அவனிடம் கணக்கு பார்க்காமல் கையில் கொடுக்கிறவன் ஒருத்தன் உண்டென்றால் அது கசைனேதான். தாலெக் ஆற்றங்கரையில் எட்டே கூடாரம் உள்ள ஒரு சின்ன முகாமுக்கு வழிகாட்டி, மாடு மேய்க்கும் மாசாய் இனத்துக்காரன். ஆறு வருஷத்துக்கு முன்னால், கசைனே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூன்று நாளாக விருந்தாளிகளுக்கு வரிக்குதிரையைத் தவிர எதுவும் காட்ட முடியாமல் முகம் செத்துப்போய் நின்றான். முச்சிரி பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பதிலுக்கு எதுவும் கேட்காமல் ஒரு காண்டாமிருகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கு என்ன நல்ல மனசோ, அவனுக்கே தெரியாது.

மாசாய்க்காரர்களிடம் ஒரு வழக்கம். மாடு கொடுத்து மாடு வாங்கிய இரண்டு பேர் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அந்த மாட்டை வைத்தே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆடு என்றால் ஆட்டை வைத்து. மறுநாள் காலையில் கசைனே வந்து ஜன்னலில் கை வைத்து, "பாமுன்யி, தூங்கினீங்களா?" என்று கேட்டான். முன்யி என்றால் அவர்கள் பேச்சில் காண்டாமிருகம், முன்னால் பா சேர்த்தால் அதைக் கொடுத்து வாங்கிய உறவு. முச்சிரி சிரித்து மாளவில்லை. மாராவிலேயே காண்டாமிருகத்தைக் கொடுத்து உறவு பிடித்த ஒரே ஆள் தான்தான் என்று டிரைவர்கள் சாப்பிடும் கொட்டகையில் உகாலிக் களியை உருட்டிக்கொண்டே பீற்றிக்கொண்டான்.

ஆறு வருஷம் கழித்து ஒரு ஆகஸ்ட்டில் கசைனே கொடுத்ததுதான் சிவிங்கி. ஒற்றை முள்மரத்துக்கு அப்பால் காய்ந்த ஓடை, ஓடைக்கரையில் புதர், புதருக்குள் மூன்று குட்டிகள். பிறந்து ஐந்து வாரம்கூட இருக்காது.

"முந்தின ரெண்டு ஈத்தும் அவளுக்குத் தங்கலை பாமுன்யி," என்றான் கசைனே. "நானும் நீங்களும் மட்டும். ஒரு நேரத்துக்கு ஒரு வண்டி, பத்து நிமிஷம், அவ்வளவுதான்."

"தம்பி, எங்கிட்டயா சொல்றே?" என்றான் முச்சிரி.

சொன்னபடியே செய்தான். அவன் வண்டியில் இருந்தவர்கள் ஹெல்முட் என்கிற ஜெர்மன்காரரும் அவர் மனைவியும். பத்து நிமிஷம் நின்றார்கள். குட்டிகள் முதுகில் சாம்பல் பிடரியோடு தாயின் வாலைக் கடித்து விளையாடின. அந்த அம்மாள் காமிராவை எடுக்கவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். முச்சிரி கடிகாரத்தைப் பார்த்து, சத்தமில்லாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான்.

ஹெல்முட்டிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. பார்த்ததற்கெல்லாம் அதில் ஒரு டிக். கடைசி நாளுக்கு முந்தின மத்தியானம் காண்டாமிருகத்துக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாக இருந்தது. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் முச்சிரிக்குப் பிரச்சினையே இல்லை. கோபக்காரர்களைச் சமாளிப்பதில் அவன் கைதேர்ந்தவன். அந்த மனுஷன் நோட்டை மூடிப் பையில் வைத்து, "பரவாயில்லை முச்சிரி, இது ஒன்றும் மிருகக்காட்சி சாலை இல்லையே" என்று அவன் தோளைத் தட்டினார். அந்தப் பரவாயில்லைதான் முச்சிரியைச் சுருக்கென்று தைத்தது. பத்தொன்பது வருஷத்தில் அவனிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது.

அந்த நேரம் பார்த்து எதிரே சிமியு என்கிற வேன் டிரைவர் வந்தான். வாய்க்கொழுப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் பேச்சு மாறாதவன். அவன் வேனில் ஆறு பேர். பின்னாலேயே அவன் கம்பெனியின் இன்னொரு வேன். சிமியுவின் முகத்தைப் பார்த்ததுமே முச்சிரிக்குத் தெரிந்துவிட்டது, கையில் கனமான சரக்கு இருக்கிறதென்று.

இருக்கிறது என்று சிமியுவும் ஒப்புக்கொண்டான். எல்லைப் பக்கம் ஒரு பெரிய ஆண் காண்டாமிருகம், இன்னும் ஒரு மணி நேரத்தில் காட்டுக்குள் போய்விடும். முச்சிரி ஒரு சிறுத்தையை எடுத்துப் போட்டான். சிமியு வேண்டாமென்று தலையசைத்தான். முச்சிரி சிறுத்தையோடு அது மரத்தில் தொங்கவிட்டிருக்கும் இரையையும் சேர்த்தான். அதற்கும் சிமியு அசையவில்லை. ஏழு சிங்கம் என்றான் முச்சிரி.

"என்கிட்ட ஒன்பது இருக்கு, வேணும்னா கொசுறாத் தர்றேன்," என்றான் சிமியு. "என் ஆளுங்க கேக்கறது ஓட்டக்காரியை அண்ணே. நாலு நாளா நச்சரிக்கிறாங்க. உங்ககிட்ட இருக்குன்னு உங்க மூஞ்சியே சொல்லுது."

முச்சிரி திரும்பிப் பார்த்தான். ஹெல்முட் எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று முச்சிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிமியு வாயைத் திறக்க மாட்டான் என்பதும் நிஜம்தானே.

"ரேடியோவுல போடக்கூடாது. பத்து நிமிஷம்தான்," என்றான்.

"எங்கம்மா மேல ஆணை," என்றான் சிமியு.

காண்டாமிருகம் கிடைத்தது. பின்பக்கம் மட்டும், அதுவும் புதருக்குள் நுழைகிற பின்பக்கம். ஹெல்முட் டிக் போட்டுவிட்டு முச்சிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முச்சிரிக்கு அந்தக் கைகுலுக்கல் போதுமாக இருந்தது. கால் மணி நேரம் போதுமாக இருந்தது.

திரும்பும் வழியில், ஒற்றை முள்மரத்தின் பக்கம் தூசி எழும்புவதைக் கண்டான். சிமியு ஆணையை மீறவில்லை. ரேடியோவைத் தொடவே இல்லை. ஆனால் கூட வந்த வேனை விரட்ட முடியுமா? வெட்டவெளியில் இரண்டு வண்டிகள் நின்று, கூரை வழியே பத்து தலைகள் ஒரே திசையில் பார்த்தால் போதாதா? மாராவில் டிரைவர்கள் மிருகத்தைத் தேடுவதைவிட நின்றுபோன வண்டியைத் தேடுவதுதான் அதிகம். முச்சிரி போய்ச் சேர்ந்தபோது பதினான்கு வண்டிகள் ஓடைக்கரைப் புதரை வளைத்து நின்றன.

தாய் உள்ளே இல்லை. வேட்டைக்குப் போனவள் திரும்பி வந்து, தூரத்தில் ஒரு கறையான் புற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். இறங்கி நாலு அடி வைப்பாள். நல்ல படம் எடுக்க ஒரு வண்டி உறுமிக்கொண்டு முன்னே நகரும். அவள் மறுபடி புற்றுக்குப் போவாள். புதருக்குள்ளிருந்து குட்டிகள் குருவி மாதிரிக் கீச்சிட்டன.

முச்சிரிக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. மைக்கை எடுத்தான். "முள்மரத்து ஓடையில நிக்கறவங்க எல்லாம் கேளுங்க. ஓட்டக்காரி வெளியில நிக்கிறா, குட்டிங்க உள்ள இருக்கு. வழி விடுங்கப்பா, பின்னால போங்க."

சொல்லி முடித்து மைக்கை மாட்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதுவரை தெரியாமல் இருந்த மாரா முழுவதற்கும் இடம், பேர், குட்டி எல்லாவற்றையும் அவன் வாயாலேயே சொல்லி முடித்திருந்தான். இரண்டு வண்டிகள் மரியாதைக்குப் பின்வாங்கின. அரை மணியில் பதினோரு வண்டிகள் புதிதாக வந்து சேர்ந்தன.

சரணாலயத்து விதிப்படி ஆறரைக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். ஆறு மணிக்கு மேட்டில் இரண்டு கழுதைப்புலிகள் தலை காட்டின. வண்டி கூடுகிற இடத்தில் தின்ன ஏதோ இருக்கும் என்று அவையும் பல காலமாகக் கற்று வைத்திருந்தன. குட்டிகள் இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முச்சிரியும் கிளம்பினான்.

மறுநாள் காலை, ஹெல்முட்டும் அவர் மனைவியும் பின்னால் இருக்க, நைரோபிக்குப் போகும் வழியை விட்டு வண்டியை ஓடைப் பக்கம் திருப்பினான். கசைனே அவனுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். டயர் தடத்தில் புல் பாயாகப் படிந்து கிடந்தது. புதர் பாதி சரிந்திருந்தது. குட்டிகளின் சத்தம் இல்லை.

முச்சிரி ஜன்னலோடு ஜன்னலாக நிறுத்தினான். ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த விளக்கம் வாயில் வரும்போது நொண்டியது. "நான் ரேடியோவுல போட்டது வழி விடச் சொல்லித்தான் தம்பி..."

"கேட்டேன் முச்சிரி," என்றான் கசைனே.

ஆறு வருஷத்தில் அவன் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. உரக்கச் சொல்லவில்லை. கோபமும் இல்லை.

"உங்க ஆளுங்க காண்டாமிருகம் பாத்துட்டாங்களாமே. சிமியு சொன்னான்."

"பாத்தாங்க."

"நல்லது," என்று சொல்லி, தன் விருந்தாளிகளிடம் ஏதோ பேசிக்கொண்டே கசைனே வண்டியை எடுத்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

முச்சிரி சாவியில் கை வைத்தபோதுதான் புல்லை விலக்கிக்கொண்டு தாய்ச் சிவிங்கி வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு, சுற்றுவட்டாரத்தில் உயரமான இடம் அதுதான் என்பதால், ஒரே தாவலில் பானெட் மேல் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். நடுவே இரண்டு முழம். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு மேலாகப் புல்வெளியைப் பார்த்து, குட்டிகளைப் போலவே கீச்சென்று கூப்பிட்டாள். காத்திருந்தாள். வேறு பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

ஹெல்முட்டின் காமிரா விடாமல் சொடுக்கிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி ஒன்றைக் காட்டுவதற்காக டிரைவர்கள் காலமெல்லாம் அலைகிறார்கள்.

"குட்டிகள் எங்கே?" என்று அந்த அம்மாள் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற முச்சிரி, "வேறு புதருக்கு மாற்றியிருக்கும்" என்றான். அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். அந்த நிம்மதி முச்சிரிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

ரேடியோ கரகரத்தது. சிமியுவின் குரல். "அண்ணே, மேட்டுல இருந்து பாக்கறேன், ரொம்ப நேரமா அங்கேயே நிக்கறீங்க. என்ன வச்சிருக்கீங்க?"

முச்சிரி மைக்கை எடுத்தான். பானெட் மேல் அவள் மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. டயர்ல முள்ளு," என்றான்.

"வரவா?"

"வேண்டாம்."

ரேடியோவை அணைத்தான். அவளாக இறங்கிப் போகிறவரை சாவியைத் தொடவில்லை. அவள் வெகு நேரம் இறங்கவில்லை.