எங்களுக்கு எந்தத் துண்டு

அம்மா மூச்சு நின்று இரண்டு வருடமாகிறது. ஆனால் எங்கள் டொராஜா மலையில் சடங்கு முடியும்வரை யாரையும் செத்துப்போனதாகச் சொல்ல மாட்டோம். உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பதாகத்தான் சொல்வோம். உள்ளறையில் ஃபார்மலின் வாசனைக்கு நடுவே படுத்திருக்கிறாள். காலையில் முதல் காப்பி அவளுக்குத்தான்.

சடங்கு நடக்காததற்குக் காரணம் காசில்லாமை அல்ல. அண்ணன் தாரியுஸ் ஹல்மஹெரா தீவு நிக்கல் சுரங்கத்தில் ராட்சத லாரி ஓட்டி வேண்டிய மட்டும் சேர்த்துவிட்டான். ஆனால் நாங்கள் பெரிய வீட்டு அடிமைகளின் வழியில் வந்தவர்கள். எங்கள் சாவுக்கு ஒரே ஒரு எருமைதான் வெட்டலாம். டச்சுக்காரன் வந்து அடிமை முறையை ஒழித்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. இந்த ஒற்றை எருமையை மட்டும் ஒழிக்காமல் போய்விட்டான்.

ஒற்றை எருமையோடு போகிறவள் மறு உலகத்திலும் வேலைக்காரிதான். அம்மா அப்படிப் போகக்கூடாது, எட்டு வெட்ட வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். நானும் நின்றேன். சொல்லப்போனால் அவனைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய வீட்டுப் புவாங்கின் சாவுச் சடங்கு வந்தது. பெரிய வீட்டில் ஆணோ பெண்ணோ, யாரையும் நாங்கள் புவாங் என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணன் அதற்கு ஒரு எருமைக்கடாவைக் கொண்டுவந்து கட்டினான். கொம்பு இரண்டும் விரித்த கை நீளம். எங்கள் ஆட்களில் யாரும் அதுவரை செய்யாத வேலை. எருமை கொண்டுவந்தவனுக்கு மூங்கில் மேடையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கறி போட வேண்டும். யாருக்கு எந்தத் துண்டு என்பது வம்சத்தைப் பொறுத்தது. எங்களுக்குப் பெயரும் கிடையாது, துண்டும் கிடையாது. சமையல் வேலை பார்க்கும் எங்கள் ஆட்களுக்குக் கடைசியில் "அடுப்படிக்கு" என்று ஒரு குவியல் விழும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை பெயர் சொல்லி ஒரு துண்டு விழுந்துவிட்டால் நாங்களும் வரிசையில் சேர்ந்த மாதிரி. அதற்குப் பிறகு அம்மாவின் எட்டு எருமையை யார் தடுக்க முடியும்? இதுதான் அண்ணன் போட்ட திட்டம்.

அன்றைக்கு அடுப்படிப் பக்கமே போகக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். விருந்தாளிகளின் பந்தலில், கறுப்பு உடுப்பில், பாயில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்து எனக்குத் தேநீர் நீட்டினாள். உட்கார்ந்தபடியே வாங்கலாமா, எழுந்து நின்று வாங்க வேண்டுமா என்று தெரியாமல் பாதி எழுந்து பாதியில் நின்றேன்.

மேடையில் லெபாங் ஒவ்வொரு பெயராகக் கூவிக் கறியை வீசிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகக் கூவுகிற ஆள், ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. அண்ணனின் முறை வந்ததும் கையில் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார். கீழே இருந்த பெரியவர்களைப் பார்த்து, "இவன் எருமை கொண்டாந்திருக்கான். இவனுக்கு எந்தத் துண்டுன்னு யாரும் சொல்லி வைக்கலியே?" என்று கேட்டார். பெரியவர்களுக்கும் தெரியவில்லை. தாடையா, விலாவா, குடலா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் எருமையைத் திருப்பி ஓட்டிவிடலாம் என்றார். அதை வெட்டிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அப்போது புவாங்கின் மகள் யூலியானா மேடையடிக்கு வந்து லெபாங்கிடம் ஏதோ சொன்னாள். மக்காசாரில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவள். லெபாங் நிமிர்ந்து அண்ணனின் முழுப் பெயரையும், கூடவே எங்கள் அம்மாவின் பெயரையும் கூவினார். ஒரு முழுப் பின்னந்தொடை வந்து மண்ணில் விழுந்தது. சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் தொடையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஊரே பார்த்தது. எங்கள் பந்தல் இடது பக்கம். அவன் வலது பக்கம் திரும்பி, பெரிய வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னாலேயே ஓடினேன். அதற்குள் தொடையைப் பலகையில் கிடத்தி, யாரோ கொடுத்த கத்தியால் சமையலுக்கு நறுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என்ன பண்றே? இது நம்ம கறி. நம்ம பேரைச் சொல்லிப் போட்டது."

"தெரியும்டி."

"தெரிஞ்சா ஏன் இங்க தூக்கிட்டு வந்தே?"

கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தான். "என் கால் இங்கதான் வந்துச்சு, மார்செலி. நான் பந்தலுக்குத்தான் போறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

பயந்துபோய்ச் சொல்கிறானா, வெட்கப்பட்டா, வேண்டுமென்றேதான் செய்தானா, எனக்குப் பிடிபடவில்லை. முதுகெலும்பில்லாதவன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரண்டு வருடமாக அம்மாவைக் காக்க வைத்தது இதற்குத்தானா என்று கேட்டேன். அடுப்படியில் இருந்த எங்கள் பெண்கள் தலை நிமிராமல் வெங்காயம் உரித்தார்கள்.

அந்த நேரத்தில் யூலியானா உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தொடையைப் போடச் சொன்னது நான்தான். போனது போகட்டும். உங்கம்மாவுக்கு எத்தனை எருமை வெட்டணும்? சொல்லுங்க. பெரியவங்கள நான் பாத்துக்கறேன்."

நல்ல மனசோடுதான் கேட்டாள். அண்ணன் கத்தியைப் பலகையில் வைத்தான். அந்த எண்ணைச் சொல்லும்படி என்னைப் பார்த்தான். இரண்டு வருடமாக நான் தினமும் சொன்ன எண் அது.

"ஒண்ணு போதும், புவாங்" என்றது ஒரு குரல்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார்கள்.