நடுவில் மட்டும் ஒழுங்காக வெட்டிய இயந்திரம்

மாலை ஐந்து மணிக்கு வேன் வந்து கறி வெட்டும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்று அதை விற்கும் ஏஜெண்ட் சொன்ன கெடு அன்றோடு முடிகிறது. அதற்கு முன்னால், நான்கு மணிக்கு, பதினெட்டு சூப்பர் மார்க்கெட்டுகளுக்குச் சரக்கு எடுக்கும் அம்மாள் வருகிறார். ஒரே கனத்தில், காகிதம் போன்ற கறித் துண்டுகளை எங்களால் தினமும் கொடுக்க முடியும் என்று அவர் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர். இரண்டு மாதம் அவருடைய அலுவலகப் படியேறி இறங்கி இந்தச் சந்திப்பை வாங்கியவள் என் மனைவி.

அப்போது மணி இரண்டு. தட்டில் விழுந்ததை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். விழுந்தது துண்டு அல்ல, கந்தல்.

"அண்ணி, இது வெட்டுற மெஷினா, மெல்லுற மெஷினா?" என்றான் என் தம்பி.

"நீங்க வாயை மெல்லாம அந்த பிளேடைத் துடைங்க தம்பி."

எங்கள் தொழில் மூன்று பேர் தொழில். பன்றிக் கறியை எலும்பு நீக்கி, உப்பும் சர்க்கரையும் மிளகும் தேய்த்து, குளிர் அறையில் இரண்டு வாரம் வைப்பது என் வேலை. உப்பு உள்ளே போகும், தண்ணீர் வெளியே வரும், கறி இறுகும். பிறகு வலைப்பையில் போட்டு உருளையாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகையூட்டுவேன். விற்பது என் மனைவி. வெட்டுவது தம்பி. நீளக் கத்தியால் அவன் வெட்டும் துண்டின் வழியாக மறுபக்கம் விளக்கு தெரியும். ஆனால் இரண்டு கைதானே! விடிந்ததிலிருந்து வெட்டினாலும் அறுபது பாக்கெட்டைத் தாண்டாது.

இயந்திரம் நிமிஷத்துக்கு நாற்பது துண்டு வெட்டும் என்றார்கள். ஏஜெண்ட் முதல் நாள் தன் கறியைக் கொண்டுவந்து வெட்டிக் காட்டியபோது வெட்டத்தான் செய்தது. எங்கள் கறியைக் கண்டால் மட்டும் அதற்கு என்ன கோபமோ! மெக்கானிக் வந்து பிளேடைத் தீட்டிவிட்டுப் போனார். கனம் வைக்கும் திருகைக் கூட்டினோம், குறைத்தோம். கந்தல் தடித்தது, மெலிந்தது, கந்தலாகவே இருந்தது.

"ஏங்க, இங்க வாங்க" என்று என் மனைவி கூப்பிட்டாள். கிழிந்த துண்டு ஒன்றைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்திருந்தாள். "ஓரத்தைப் பாருங்க. இப்ப நடுவுல பாருங்க."

ஓரமெல்லாம் கொழுப்பு வெண்ணெய் தடவியதுபோல் இழுபட்டிருந்தது. நடுவில், உள்ளங்கையளவு இடத்தில் மட்டும், சிவப்பு சிவப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும், கோடு போட்டதுபோல் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. ஒரே பிளேடு, ஒரே வெட்டு. எல்லாத் துண்டிலும் அதே வட்டம்.

அவள் தம்பியிடம் திரும்பினாள். "கறியை எப்ப வெளியில எடுத்து வச்சீங்க?"

"பன்னெண்டரைக்கு. எப்பவும் போலத்தான். குளிர் விட்டாத்தானே கத்தி இறங்கும்?"

"உங்க கத்தி இறங்கும்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குளிர் வெளியிலிருந்துதான் முதலில் விடும். நடுவில் கடைசிவரை நிற்கும். தம்பியின் கத்தி நீளமாக, மெதுவாக வழுக்கிக்கொண்டு போவது. கறி இளகியிருந்தால் அதற்குச் சுகம். சுழலும் பிளேடு அப்படியல்ல. இளகிய கொழுப்பு அதில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது அடுத்த துண்டை இழுக்கும். கறியைப் பிடித்துத் தள்ளும் கொக்கி வேறு அதை அமுக்கிக் கோணலாக்கும். இயந்திரத்துக்குக் கறி அசையாமல், விறைப்பாக நிற்க வேண்டும்.

"அப்ப அந்த ஏஜெண்ட் ஐஸ் பெட்டியில கொண்டு வந்தானே..." என்றான் தம்பி.

"அதுல ஏதோ ஏமாத்து வேலைன்னு ஒரு வாரமா அந்த மனுஷனைத் திட்டினீங்களே, அதேதான்."

எங்கள் சின்ன ஃப்ரீசரைக் காலி செய்து இரண்டு உருளைகளை உள்ளே தள்ளினோம். எவ்வளவு நேரம்? யாருக்கும் தெரியாது. முக்கால் மணி நேரத்தில் தம்பி திறந்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

"இன்னும் கன்னம் மாதிரி இருக்கு. மூக்கு நுனி மாதிரி ஆகணும்ண்ணே. மேல விறைப்பு, உள்ள கொஞ்சம் அமுங்கணும். நெத்தி மாதிரி ஆயிட்டா பிளேடு காலி."

பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவு திறந்தது. நான் என் மூக்கையும் கறியையும் மாற்றி மாற்றித் தொட்டேன், அவளும் தொட்டாள். நான்கடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். சூப்பர் மார்க்கெட் அம்மாள்! மூன்று பேர் ஃப்ரீசரைச் சுற்றி நின்று மூக்கைத் தடவிக்கொண்டிருந்ததை அவர் கண்ணாரப் பார்த்துவிட்டார்.

"என்ன, எல்லாருக்கும் சளியா?"

"இல்ல மேடம், கறி இன்னும் தயாராகல. கால் மணி நேரம் ஆகும்" என்றாள் என் மனைவி, ஒளிக்காமல். நான் ஃப்ரீசர் கதவை இழுத்து மூடினேன். தம்பியோ அவருக்கு நாற்காலி போட்டு, கன்னம், மூக்கு, நெற்றி மூன்றையும் விளக்க ஆரம்பித்துவிட்டான். அவரும் மெல்லத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆச்சு அண்ணி" என்றான் கடைசியில்.

பொத்தானை அழுத்தினாள். இந்தமுறை சத்தமே வேறு. சளக் சளக் என்றிருந்தது போய், சரக் சரக் என்றது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பாதி சரிந்து, ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிக்கொண்டு விழுந்தன. ஓரமும் நடுவும் ஒன்றுபோல் இருந்தன. அந்த அம்மாள் முதல் துண்டையும் பதினாறாவது துண்டையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார், பிறகு இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

"எட்டு கடைக்கு அனுப்புங்க."

"பதினெட்டுன்னு சொன்னீங்களே மேடம்?"

"எட்டு கடைக்கே தினம் இருநூறு பாக்கெட். அந்தப் பொட்டியில எத்தனை உருளை போகும்?"

மூவரும் ஃப்ரீசரைப் பார்த்தோம். மூன்று போகும், அதுவும் கதவை முட்டுக்கொடுத்து மூடினால்.

"சமாளிச்சுருவோம்" என்றாள் என் மனைவி. அம்மாள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மணிக்கு ஏஜெண்ட் கயிறும் இரண்டு ஆட்களுமாக வந்தார். தம்பி இயந்திரத்தின் குறுக்கே கையை விரித்து நின்றான்.

"அது எங்கயும் வராதுங்க. வேலைக்குச் சேர்ந்தாச்சு."

ஏஜெண்ட் எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தார். அதற்குள் என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"ஃப்ரீசர் வச்சிருக்கீங்களா? பெருசா? அதையும் ஒரு வாரம் வச்சுப் பார்க்கக் குடுப்பீங்களா?"