கழித்துவிடப்பட்டவர்கள் காலையில் வருவார்கள்

நாரைகள் பேஸ்பால் அணியின் கேட்சர் லானி ஹூக்ஸ்ட்ராவை இனியும் வைத்துக்கொள்வது வீண் என்று டக்மாரின் உணவகத்தில் காஸ் வோய்ட்கோ தீர்ப்பளித்த மறுநாள் காலை, ஹூக்ஸ்ட்ரா தன் பையோடு காஸின் வீட்டு வாசலில் வந்து நின்றார். காலணியில் ஒட்டியிருந்த பனியை மிதியடியில் தட்டினார், அழைப்பு மணி வேலை செய்யாததால் கதவைத் தட்டினார், எங்கே படுப்பது என்று மரியாதையாகக் கேட்டார். போர்ட் வெண்டலில் அந்த ஆண்டு முட்டை விலை ஏறியிருந்தது. ஏரி வழக்கத்துக்கு முன்பே உறைந்துவிட்டது. இந்த இரண்டையும் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசினார்கள்.

உலகத் தொடர் முடிந்த திங்கட்கிழமையிலிருந்து, பிப்ரவரியில் பந்தை எறியும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் பயிற்சிக்குப் போய்ச் சேரும் நாள்வரை, அந்த ஊரில் பேஸ்பால் ஆடப்படுவதில்லை, பேசப்படுகிறது. டக்மாரின் உணவகத்தில் சன்னலோர மேசை அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விற்பது, யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அணியின் அலுவலகத்துக்கு அந்த முடிவுகள் போய்ச் சேர்வதில்லை என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. காஸ் முப்பது வருடம் மெத்தைக் கடையில் மேனேஜராக இருந்தவர். கடையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர மேனேஜர் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை. அணியைப் பற்றிப் பேசும்போது 'நாம்' என்றுதான் சொல்வார். 'போன வருஷம் நாம பண்ணின பெரிய தப்பு' என்று அவர் ஆரம்பித்தால், அந்தத் தப்பு நடந்த அறையில் இவரும் ஒரு நாற்காலியில் இருந்தார் என்றே புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். முதலாளியின் கோடிகளை அவர் அள்ளி வீசுவதும் வெட்டிக் குறைப்பதும் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. டக்மாருக்கு டிப்ஸ் வைக்கும்போது மட்டும் சில்லறையைத் தடவித் தடவி எடுப்பார்.

ஹூக்ஸ்ட்ராவை அணியிலிருந்து கழித்த அன்று நடந்ததும் வழக்கமான பேச்சுதான்.

"முட்டி ரெண்டும் போச்சு. இன்னும் மூணு வருஷ கான்ட்ராக்ட் தொங்குது. அந்தக் காசுல ரெண்டு பிட்சர் எடுக்கலாம்யா," என்றார் காஸ்.

"உனக்குந்தான் முட்டி போச்சு. உன்னத் தள்ளிவிட்டா யாரு எடுப்பா?" என்றார் ரூஃபஸ் டாலிவர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யார் எங்கே இறங்குவார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்.

காஸ் அதைக் காதில் வாங்கவில்லை. நெஞ்சில் கை வைத்து, அணிகள் அறிக்கை விடும் தோரணையில், "அவரது நீண்ட காலச் சேவைக்கு நன்றி. அவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்," என்று முடித்தார். யாரைக் கழித்தாலும் இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லாமல் அவர் தட்டிலிருந்த ஆப்பிள் பைப் பலகாரத்தைத் தொட்டதில்லை. அப்போதுதான் அது செரிக்கும் போலும்.

அந்தக் குளிர்காலத்தில் இது காஸோடு நிற்கவில்லை. ரூஃபஸ் கழித்துவிட்ட, இரண்டாம் பேஸில் நிற்கும் ஆட்டக்காரர் அவருடைய ஒற்றை அறை வீட்டுக்கு வந்து, சமையல் மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவே படுத்துக்கொண்டார். புனித ஸ்தனிஸ்லாஸ் தேவாலயத்துப் பாதிரியார், அணியின் பயிற்சியாளரை நீக்கவேண்டும் என்று, மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும் வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் சொல்லியிருந்தார். பயிற்சியாளர் வந்தார். ஞாயிறு பூசையில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து பீடம்வரை நடந்து, அம்பயரிடம் வாதாடுவதுபோல் மூக்கோடு மூக்கு வைத்து வாதாடினார். பாதிரியாரும் அம்பயரைப் போலவே கையை ஓங்கி அவரை வெளியேற்றினார். அவரும் தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு ஒழுங்காக வெளியே போனார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பையோடு, காலை உணவு நேரத்தில், கழித்தவர் வீட்டுக்கே வந்தார்கள். மனதாரச் சொல்லியிருக்கவேண்டும், அது ஒன்றுதான் விதி. சும்மா சொன்னதற்கு யாரும் வரவில்லை. அணியின் உண்மையான மேனேஜர் எத்தனையோ பேரைக் கழித்தவர். அவர் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அவர் கழிப்பது கணினி சொல்லித்தானே தவிர மனதார அல்ல என்று ஊரில் விளக்கம் சொன்னார்கள். ஆட்டக்காரர்கள் அனைவரும் அவரவர் இடத்தில் நலமாக இருக்கிறார்கள் என்று அணி அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. அதுவும் உண்மைதான். வசந்தத்தில் ஹூக்ஸ்ட்ரா தொலைக்காட்சியில் பந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, காஸின் வீட்டுச் சோபாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஹூக்ஸ்ட்ரா, தான் அந்தப் பந்தைத் தவறவிட்டதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

நாற்காலியில் உட்காருவது அவருக்குப் பிடிபடவில்லை. அடுக்களை மூலையில், குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில், பிட்சருக்கு எதிரே குந்துவதுபோலவே குந்திக்கொள்வார். பேச்சும் குறைவு. தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவார். காஸுக்கு அது கடைசிவரை புரியவில்லை. அவர் மனைவி லொரெய்னுக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது. ஒரு விரல் என்றால் காப்பி, இரண்டு என்றால் முட்டை, மூன்று என்றால் அவர் கடைக்குப் போய்வருகிறார் என்று அர்த்தம். சற்று விலகி வந்த பந்தைக்கூட நேராக வந்ததுபோல் அம்பயருக்குக் காட்டுவதுதான் நல்ல கேட்சரின் கைவேலை. லொரெய்ன் இறைச்சி ரொட்டியைக் கருக்கிவிட்ட நாளில், ஹூக்ஸ்ட்ரா தட்டை வாங்கி மணிக்கட்டை லேசாகத் திருப்பி மேசையில் வைத்தார். அது பதமாக வெந்திருந்தது. காஸும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

காஸை அரித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. ஊரில் எல்லாரையும் அதுதான் அரித்தது. ஒருநாள் கேட்டேவிட்டார்.

"லானி, நெசமாச் சொல்லு. இங்க எப்படி வந்த? யாரு கூட்டிட்டு வந்தா?"

ஹூக்ஸ்ட்ரா யோசித்தார். "தெரியல சார். எறங்க வேண்டிய ஸ்டாப்ல எறங்கின மாதிரி இருந்துச்சு."

"அப்ப பஸ்ல வந்தியா?"

"பஸ் எதுவும் இல்ல சார்."

ரூஃபஸும் தன் விருந்தாளியிடம் கேட்டுப் பார்த்தார். அதே பதில். ஆயிரக்கணக்கானவர்களை இறக்கிவிட்ட ரூஃபஸுக்கே அது என்ன நிறுத்தம் என்று விளங்கவில்லை.

லொரெய்னுக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறையில்லை. அவருடைய கவலை மாடி அறை. கல்யாணத்துக்கு முன்பே அவர் பட்டன் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிப்பவர். தேவாலய மண்டபத்தில் அவர் போல்கா நடன இசை வாசித்தால் பாதிரியாரின் முழங்கால்கூட ஆடும். அந்த அறை அக்கார்டியனுக்கு என்று காஸ் வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு அதில் பழைய ஆட்ட ஒளிநாடாக்களை அடைத்தார், அதற்கும் பிறகு ஹூக்ஸ்ட்ராவை அடைத்தார். வாசல் மணியைச் சரிசெய்து தருவதாகவும் சொல்லியிருந்தார். சொன்னதெல்லாம் செய்கிறவராக இருந்தால் அவர் எதற்கு மேனேஜராகப் போகிறார்?

விஷயம் தெரிந்ததும் ஹூக்ஸ்ட்ரா யாரும் கேட்காமலே தன் பையோடு கீழ்த்தளத்தில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பக்கம் இறங்கிக்கொண்டார். ஒளிநாடாப் பெட்டிகளையும் அவரே சுமந்தார். லொரெய்ன் மாடி அறையில் வாசிக்க ஆரம்பித்தார். சில மாதங்களில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் வாசிக்க அவருக்கு மறுபடி அழைப்பு வந்தது. அன்று மண்டபத்திலிருந்து திரும்பும்போது காரில் வைத்துக் காஸிடம் சொன்னார்.

"இங்க பாரு காஸ். லானி இருக்கட்டும், நல்ல புள்ள. இன்னொருத்தன் பையத் தூக்கிட்டு வந்து அந்த ரூமக் கேட்டான்னா, அடுத்து வெளிய போறது நீதான்."

"என்னம்மா இது, பேஸ்பால்தானே…"

"எனக்கு அது ரூம்."

அடுத்த குளிர்காலத்தில் காஸ் வாயை மூடிக்கொண்டிருந்தார். இது எளிதாக எழுதிவிட்ட வாக்கியம். அனுபவித்தவருக்குத்தான் அதன் வலி தெரியும். ஊரிலும் விருந்தாளிகளுக்குப் பயந்து யாரும் யாரையும் கழிக்கவில்லை. 'அவனும் பாவம், இருந்துட்டுப் போகட்டும்' என்று ஒருவர் சொல்ல, 'ஆமா, பாவம்' என்று மற்றவர் சொல்ல, சன்னலோர மேசையில் காப்பி ஆறியது. ஆட்டக்காரர்கள் அனைவரும் நல்லவர்கள் என்ற முடிவுக்கு ஓர் ஊரே வந்துவிட்டால் அங்கே மனிதன் எப்படி உயிர் வாழ்வது? காஸுக்குத் தூக்கம் குறைந்தது. முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்.

கெடுத்தது பல் மருத்துவர் பல்டூச்சி. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் ஆதலால், எதிர்ப்பேச்சு என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செனட்டரைப் போல எழுந்து நின்று, இடதுகைப் பிட்சர் எலியாசர் பானியாகுவாவுக்கு இன்னும் நான்கு வருடம் ஒப்பந்தம் கொடுப்பதே அறிவுடைமை என்றார். ஆட்டத்தின் கடைசியில் வந்து ஒரே ஒரு ஆளுக்குப் பந்து எறிந்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறவர் பானியாகுவா.

"நாலு வருஷமா?" என்றார் காஸ். மேசை திரும்பிப் பார்த்தது.

"நாலு," என்றார் பல்டூச்சி. "அனுபவத்துக்கு விலை கெடையாது காஸ். உனக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது."

"காஸ், ஆப்பிள் பை சாப்பிடு," என்று டக்மார் குறுக்கே தட்டை நீட்டினார்.

"வேணாம்ப்பா," என்றார் ரூஃபஸ். "லொரெய்ன நெனச்சுக்க."

காஸ் நினைத்துக்கொண்டார். அறையை நினைத்தார், காரில் கேட்டதை நினைத்தார். ஆனால் மெத்தைக் கடை மேனேஜரிடம் 'உனக்குப் புரியாது' என்று சொன்ன பிறகு உலகத்தில் எந்த அக்கார்டியனும் காதில் விழாது. "டாக்டர், அவன் கை செத்துப் போச்சு! ஒருத்தனுக்கு எறியறதுக்கு ஒரு சம்பளமா? இன்னிக்கே அனுப்புங்கய்யா அவன!" என்று கத்தினார். கத்தியதும் ஒரு வருடத்து மூச்சு ஒன்றாக வெளியேறியது போலிருந்தது. நெஞ்சில் கையும் தானாகப் போனது. "அவரது நீண்ட காலச் சேவைக்கு நன்றி…"

மறுநாள் காலை பானியாகுவா வந்தார். ஆறரை அடி உயரம். கீழ்த்தளத்தின் கூரை அவருக்குத் தட்டியது. மாடி அறையில்தான் நிமிர்ந்து நிற்க முடிந்தது. காஸ் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அக்கார்டியனைப் பெட்டியில் வைத்து, கார் கொட்டகையில் பனிவாரிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார்.

அங்கே அதைக் கண்ட லொரெய்ன் கோட்டை மாட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகக் குளிர்காலத்தில் டக்மாரின் உணவகத்துக்குள் நுழைந்து, சன்னலோர மேசையின் முன் நின்றார். பல்டூச்சிகூட வாயை மூடினார்.

"காஸிமிர் வோய்ட்கோ," என்று ஆரம்பித்தார் லொரெய்ன். "வயசு அறுபத்தாறு. வாக்குக் குடுப்பாரு, செய்ய மாட்டாரு. கான்ட்ராக்டுக்கு முடிவே கெடையாது. நான் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கேன்." பிறகு நெஞ்சில் கை வைத்தார். "அவரது நீண்ட காலச் சேவைக்கு நன்றி. அவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்."

யாரும் சிரிக்கவில்லை. மனதாரச் சொன்னார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. காஸ் தட்டில் இருந்த ஆப்பிள் பையைப் பார்த்தார். அந்த இரண்டு வாக்கியத்தை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்தால் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டார். எழுந்து, ஏரியோரமாகக் காரை ஓட்டிக்கொண்டு, பக்கத்து ஊரிலிருந்த தங்கை வீட்டுக்குப் போய், அங்கே சோபாவில் படுத்துக்கொண்டார்.

காலையில் அவர் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் பை இருந்தது. அது அவருடைய பை அல்ல, மற்றவர்கள் கொண்டுவந்த அதே மாதிரிப் பை. உள்ளே பன்றித் தொத்திறைச்சி வறுபடும் மணம். மணியை அழுத்தினார். அது அடிக்கவில்லை. சொந்த வீட்டு மணியை அவர் அதுவரை அழுத்தியதே இல்லை. பனி கழுத்துக்குள் இறங்க, எத்தனை பேர் இங்கே இப்படி நின்றிருப்பார்கள் என்று யோசித்தார். காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, கதவைத் தட்டினார்.

திறந்தவர் லொரெய்ன். வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். கழித்துவிடப்பட்டவர்கள் கழித்தவர் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்பது ஊரறிந்த விதி. லொரெய்ன் அதை மறந்திருந்தாரா, கணக்கில் வைத்தேதான் சொன்னாரா என்று போர்ட் வெண்டலில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

"எங்க படுக்கட்டும்?" என்று காஸ் மரியாதையாகக் கேட்டார்.

"கீழ. கொதிகலன் பக்கத்துல, லானிக்கு அந்தாண்ட. கால நல்லாத் தொடச்சுட்டு வா."

ஹூக்ஸ்ட்ரா பையை வாங்கிக்கொண்டார். கழித்துவிடப்பட்டவர்கள் எல்லாரிடமும் ஒரு குணம் இருந்தது. சும்மா இருக்கமாட்டார்கள். காஸ் அன்று மத்தியானமே திருப்புளியைத் தேடி எடுத்து மணியைச் சரிசெய்தார். கார் கொட்டகையிலிருந்து அக்கார்டியனைத் தூக்கிவந்தார். பானியாகுவாவுக்கும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மெத்தையைக் கூடத்து மூலைக்கு மூலை குறுக்காகப் போட்டதில் அவர் நீளத்துக்குச் சரியாக வந்தது. மெத்தை விஷயத்தில் காஸ் பேச்சுக்கு அப்போதும் மதிப்பு இருந்தது. பானியாகுவா நாளைக்கு ஒரே ஒரு வேலைதான் செய்வார், ஆனால் அதைத் தவறவிட்டதில்லை. ஊறுகாய்ப் புட்டியைத் திறக்கச் சொன்னால், முதலில் முற்றத்தில் கையைச் சுழற்றிச் சூடேற்றிக்கொண்டு வந்து திறந்துவிட்டு, போய் உட்கார்ந்துகொள்வார்.

சில நாள் கழித்து டக்மாரின் உணவகத்தில் காஸின் நாற்காலி காலியாகவே இருப்பதைப் பொறுக்காமல் ரூஃபஸே வீட்டுக்கு வந்தார். மணி அடித்ததில் திடுக்கிட்டு ஒரு படி பின்வாங்கினார். காஸைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பவாவது சொல்லுய்யா. எப்படி வந்த?"

காஸ் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "எறங்க வேண்டிய ஸ்டாப்ல எறங்கின மாதிரி இருந்துச்சு ரூஃபஸ்."

"பஸ்?"

"பஸ் எதுவும் இல்ல."

பிப்ரவரியில் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சிக்குப் போகும் நாள் வந்தது. ஹூக்ஸ்ட்ராவும் பானியாகுவாவும் தொலைக்காட்சியில் தாங்கள் போய் இறங்குவதைப் பார்த்துவிட்டு, மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஹூக்ஸ்ட்ரா மட்டும் குந்தினார். நாரைகள் அந்த ஆண்டும் கடைசி இடத்துக்குத்தான் வந்தார்கள். ஊரில் கழிப்பது மறுபடி தொடங்கியது, ஆனால் கூடுதல் போர்வை வாங்கிவைத்த பிறகே தொடங்கினார்கள். மாடி அறையில் காலை நேரத்தில் போல்கா கேட்டது. சாப்பாடு முடிந்ததும் லொரெய்ன் மேசைக்கு அடியில் விரல் காட்டுவார். ஒரு விரலுக்கும் மூன்று விரலுக்கும் மற்ற இருவர் எழுந்திருப்பார்கள். ஆட்டத்தில் நான்கு விரல் என்றால், எதிராளியை அடிக்கவிடாமல் சும்மா நடந்துபோகச் சொல்வது. லொரெய்ன் நான்கு விரலைக் காட்டியதும் காஸ் எழுந்து, குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.