வண்டிக்கு மனசு சரியில்லை

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓடும் எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு மூன்று நிமிடத்தில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன், அரியர் நான்குதான்.

அதனால்தான், என் அப்பா தேவசகாயம் பத்தொன்பது வருஷமாக ஓட்டும் பள்ளிக்கூட வேன், கியர் மாற்றும்போதெல்லாம் குதிக்க ஆரம்பித்ததும், அவர் சொன்ன காரணம் என்னைப் புண்படுத்தியது.

"வண்டிக்கு மன்சு சரியில்லடா ஜெரோம்" என்று டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார்.

"இரும்புக்கு ஏது நைனா மன்சு? கிளட்ச் கேபிள் தேஞ்சி போயிருக்கும்."

அவர் தட்டிக்கொடுத்ததை வீடியோ எடுத்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டு நாற்பது சிரிப்பு வாங்கினேன்.

கேபிளை மாற்றினோம். குதித்தது. கியர் ஆயிலை மாற்றினோம். குதித்தது. என்ஜினைத் தாங்கும் ரப்பரையும் மாற்றியபின், வண்டி புது ரப்பரில் இன்னும் உற்சாகமாகக் குதித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் கலைவாணன் வேனைக் கொளவாய் ஏரி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மச்சான், வெண்ணெயாட்டம் போவுது. வண்டில ஒண்ணுமே இல்ல. நைனா ஓட்டும்போது பக்கத்துல குந்திப் பாரு."

"இன்னாத்த பாக்கறது?"

"வண்டிய பாக்காத" என்றான்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. பதினொரு பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு நாலு வயசு, ஏறியதும் தூங்கிவிடும்.

சர்ச் முடிந்ததும், மாமல்லபுரம் போய் மீன் வாங்கி வரலாம் என்று அப்பாவைக் கிளப்பினேன். வழக்கம்போல் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். திருக்கழுக்குன்றம் வரை நான் சத்தத்தைத்தான் கேட்டேன். அதற்கப்புறம்தான் பார்த்தேன். ஒவ்வொரு கியருக்கும் முன்னால் அவர் ஒரு நொடி குனிந்து தன் இடது காலைப் பார்க்கிறார். தெரியாத வீட்டில் சுவிட்சைத் தேடுகிறவர் மாதிரி, பெடல் மேல் கால் இருக்கிறதா என்று தேடுகிறார். ஒரு வளைவில் அப்படிக் குனிந்த நேரம், எதிரே தண்ணி லாரி. ஹாரன் சத்தத்தில் நிமிர்ந்து ஸ்டீயரிங்கை ஒடித்தார். லாரியின் காற்று என் முகத்தில் அடித்துவிட்டுப் போனது.

"கஸ்மாலம், எங்க பாத்துகினு வரான் பாரு" என்றார்.

நான் திரும்பிப் பின்னால் இருந்த காலி சீட்டுகளைப் பார்த்தேன். பதினொன்றையும் எண்ணினேன்.

கடற்கரையில் உச்சி வெயில். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடியது. அப்பா வெறுங்காலோடு மணலில் இறங்கிப் போய், ஒரு படகின் பக்கத்தில், நிழலுக்கு வெளியே நின்று, சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாகப் பார்த்தார். நான் ஷூவைக் கழற்றி ஒரு காலை மணலில் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன்.

"நைனா, கால் சுடல?"

"இன்னாடா சுடுது?"

சொன்னவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஓரமெல்லாம் சிவந்திருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சுடுதுதான்" என்று மெதுவாக ஒரு காலைத் தூக்கினார்.

அப்பாவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி; இரண்டு காலும் மரத்துப்போயிருக்கின்றன. இடது கால் கிளட்ச். வலது கால் பிரேக் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பும்போது சாவியைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். பக்கத்து சீட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு, முழங்கால்கள் மேல் கையை வைத்து உட்கார்ந்தார். முதல் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. இரண்டாவதும். அவர் ரோட்டை மட்டும் பார்த்தார்.

"வெண்ணெயாட்டம் போவுது, இல்ல?" என்றார், பரீட்சை ரிசல்ட் கேட்கிற குரலில்.

மூன்றாவது கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டேன். வேன் ஒரு துள்ளு துள்ளியது. மீன் பை கீழே விழுந்தது. நான்காவதிலும் அப்படியே விட்டேன்.

"பாத்தியா! நான் அன்னிக்கே சொல்லல?"

"ஆமா நைனா. வண்டிக்கு மன்சு சரியில்ல. சரியாவற வரைக்கும் நீ எடுக்காத. நாளைக்கு புள்ளைங்கள கலைவாணன் அவன் வண்டில கூட்டிகினு போவட்டும். நாம காலைல ஒரு எடத்துக்குப் போய்ட்டு வரலாம்."

"எங்க?"

நான் அவர் கால்களை ஒரு தடவை பார்த்தேன். தட்டிக்கொடுக்க டேஷ்போர்டில் கையை வைத்தேன். அங்கே ஏற்கெனவே அவர் கை இருந்தது.