லிபுவோ வாசித்த படம்

மொக்கோத்லோங் மலையில் ஒரு வீட்டின் முன்னால் வெள்ளைக் கொடி பறந்தால் அங்கே சோளக் கள்ளு பதமாகி விற்பனைக்குத் தயார் என்று பொருள். பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். மாலினேயோ டீச்சர் தினமும் அப்படி இரண்டு வீடுகளைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறாள்.

ஆசிரியர் வழிகாட்டி நூலை எழுதிய புண்ணியவான்களுக்குத்தான் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் 'படம் வாசித்தல்' என்று புதிதாக ஒரு பாடம் வந்திருந்தது. முதல் படத்தில் ஒரு குடிசை, கம்பத்தில் வெள்ளைக் கொடி, வாசலில் ஒரு சிறுமி. நூல் சொன்ன விடை: 'இன்று விழா. அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.'

அந்தப் பாடத்தைப் பார்க்க ஆய்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியையாகவே காலம் தள்ளும் மாலினேயோவுக்கு வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில் இருந்தது. படத்தில் என்ன தெரிகிறது என்று அவள் கேட்டதும், ஒருநாளும் வாய் திறக்காத லிபுவோ எழுந்து நின்றாள்.

"அது கள்ளு விக்கிற வீடு, ம்மே. இந்தப் புள்ள அப்பாவக் கூப்பிட வந்திருக்கு. உள்ள போக பயம். காலப் பாருங்க, பாதி திரும்பி நிக்குது."

கால் உண்மையிலேயே திரும்பித்தான் இருந்தது. பத்து நாளாக அந்தப் படத்தோடு மாரடித்த டீச்சர் அதைக் கவனித்ததே இல்லை. படம் வாசிப்பது என்றால் இதுதானே? கட்டிக்கொண்டு பாராட்டியிருக்க வேண்டும். ஆனால் ஆய்வாளரின் பேனா நின்றுவிட்டது. கொடி எதற்கென்று அவருக்கும் தெரியும். அவர் மடியிலும் அதே வழிகாட்டி நூல்தான் இருந்தது. மாலினேயோ நூலில் இருந்த விடையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"தப்பு. கண்ண நல்லா தொறந்து பாரு," என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். லிபுவோவின் அப்பா எந்த வீட்டில் கிடப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். லிபுவோ படத்தை விட்டுவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, இன்று விழா, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றாள். ஆய்வாளர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

வேலை நிரந்தரமானது. அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பாவி, ஒரு நல்ல வார்த்தைக்கா பஞ்சம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒருநாள் பள்ளி விட்டதும் லிபுவோவை இருக்கச் சொல்லி, அன்று நீ சொன்னதுதான் சரி, நான்தான் பயந்துபோய் உன்னை மட்டம் தட்டிவிட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னாள். பிள்ளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு டீச்சர் வேறொரு படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். ஊற்றடியில் இரண்டு பெண்கள், ஒருத்தியின் வாளி கவிழ்ந்து கிடக்கிறது.

"இதுல உனக்கு என்ன தெரியுது, கண்ணு?"

லிபுவோ படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மாலினேயோவின் புருவத்தையும் உதட்டையும் நிதானமாகப் பார்த்தாள்.

"என்ன தெரியணும், ம்மே?"