பிளக்ஸில் இல்லாதது

...அப்படியானால் தப்பு மைத்துனன் காசி பேரிலா, இல்லை, அவன் பிளக்ஸ் கட்டும்போது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தன் பேரிலா, யார் பேரில் இருந்தால் என்ன, எல்லாம் முடிந்த கதை என்று ஆறுமுகச்சாமி தறிக்கூடத்தில் நூல்மூட்டையின் மேல் சாய்ந்து கிடந்தான். பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள், சங்கரன்கோவிலில் ஒரு தறிகூட ஓடவில்லை, தெருவே ஊமையாகிவிட்டது, காதுக்குள் மட்டும் இன்னும் கடகடவென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு நோகவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, இது என்ன அசதியோ. திருநெல்வேலியில் காப்புரிமை விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற நஸ்ரின் பானு கடையநல்லூர்ப் பிள்ளை, மரியாதையான பிள்ளை, இப்போதுதான் போனில் கேட்டாள், "அண்ணாச்சி, விண்ணப்பம் போடுததுக்கு முன்னால இத யாருக்கும் காட்டுனியளா?" யாருக்கும் காட்டினீர்களா என்றா கேட்டாள்... யாருக்கு அம்மா காட்டவில்லை, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த ஜனம் பூராவுக்கும் அல்லவா காட்டியிருக்கிறான்.

கருவி என்ன பெரிய கருவி, உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரப் பெட்டி. பழைய விசைத்தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று அறுந்தால் தறிக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஓடும், ஆள் பார்ப்பதற்குள் துணியில் கோடு விழுந்து பாழாய்ப் போகும். இவன் பெட்டியில் நூலுக்கு ஒரு ஊசி தொங்கும், நூல் அறுந்தால் ஊசி செப்புத் தகட்டில் விழும், தறி நின்றுவிடும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு நாலு தறியில் இரண்டை விற்றாயிற்று. காசிக்குப் பெருமை தாங்கவில்லை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவனுக்குப் பிளக்ஸ் கடை, கேட்கவா வேண்டும்... 'தறி கண்ட விஞ்ஞானி எங்கள் அத்தான்' என்று ஆள் உயரத்துக்கு அடித்தான், அடித்தவன் மூஞ்சியோடு நிறுத்தினானா, பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கிற ஊசி, தகடு, வயர் எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினான். "அத்தான், மூஞ்சிய மட்டும் போட்டா எவன் நம்புவான்? உள்ள இருக்கத காட்டுனாத்தான் மக்க வாயப் பொளக்கும்." வாயைப் பிளக்கத்தான் செய்தார்கள். ஒரு வெளியூர்ப் பட்டறைக்காரன் அதன் முன்னால் நின்று வளைத்து வளைத்துப் படம் எடுத்தான், இந்தக் கிறுக்குப்பயல் ஆறுமுகச்சாமி அவனுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தான், இன்றைக்கு அவன் அதே பெட்டியை வேறு பேரில் விற்கிறான். அட கஷ்டகாலமே. அவனைக் கேள்வி கேட்க முடியாதாம், நஸ்ரின் சொல்லிவிட்டாள். விண்ணப்பத்துக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதுசு இல்லையாம், அரசாங்கம் அறிவித்த கண்காட்சியில் வைத்தால் கொஞ்சநாள் சலுகை உண்டாம், தபசு பிளக்ஸுக்கு அதெல்லாம் கிடையாதாம். அப்புறம் அந்தப் பிள்ளைக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், "பிளக்ஸ்ல வராதது எதுவும் மிச்சம் இருக்கான்னு யோசிச்சு வையிங்க அண்ணாச்சி, திரும்பக் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

மிச்சம்... இருக்கிறது, இல்லாமல் என்ன, தகடு இருக்கிறதே. பிளக்ஸில் தகடு படுத்துக் கிடக்கும், பஞ்சுத்தூசி அதன்மேல் படிந்துவிடும், ஊசி விழுந்தாலும் தூசியில்தான் விழும், தறி நிற்காது. பட்டறைக்காரன் விற்கிற பெட்டியும் அப்படித்தான் மக்கர் பண்ணுகிறதாம், நன்றாக வேண்டும். இவன் பெட்டியில் இப்போது தகடு நிமிர்ந்து நிற்கிறது, தூசி உட்கார இடமில்லை, விழுகிற ஊசியே தகட்டைத் துடைத்துக்கொண்டு போகிறது, தபசுக்கு அப்புறம் செய்தது, வெளியாள் ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை. அப்படியானால் எல்லாம் போய்விடவில்லையா? ஆறுமுகச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தான், போன் வந்தபோது மூச்சுவிடாமல் சொன்னான், அவளும் கடகடவென்று எழுதிக்கொண்டாள். "இதுக்குத் தனியா போட்டுப் பாக்கலாம் அண்ணாச்சி. சரி, தகட்ட நிமித்தணும்னு யாருக்குத் தோணிச்சு?"

எனக்குத்தான் என்று வாய் திறந்தது, பாதியில் நின்றது. விண்ணப்பம் உங்கள் பேரில் இருக்கலாம், கண்டுபிடித்தவர் என்கிற இடத்தில் மட்டும் தோன்றியவர் பேர்தான் வரவேண்டும், மாற்றிப் போட்டால் பின்னால் வில்லங்கம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். யாருக்குத் தோன்றியது... இவன் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் பெண்டாட்டி கோமதித்தாய்தானே பாத்திரம் கழுவியபடி, "தகட்டப் படுக்கப் போட்டா தூசி உக்காரத்தான செய்யும், நிமித்தி வச்சாத்தான் என்ன?" என்றாள். சும்மா கெட, உனக்கு என்ன தெரியும் என்றுதானே இவன் விழுந்தான்.

"ஒரு நிமிஷம் மேடம்." போனைப் பொத்திக்கொண்டு அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தான். "ஏட்டி, அந்தத் தகட்ட நிமித்தச் சொன்னது நீதான?"

"ஆமா, அதுக்கென்ன?"

"யாரு பேரப் போடன்னு மேடம் கேக்காவ."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது, மறுபடி கேட்டது. "எனக்கு எதுக்குப் பேரு? நீங்களே போட்டுக்கிடுங்க."

கோபமா, கேலியா, அந்தக் குரலில் இரண்டையும் தேடினான், இரண்டும் இல்லை, கோபம் இருந்தாலாவது பதிலுக்கு ஒரு சத்தம் போட்டுவிடலாம். அன்றைக்கு அவள் சொன்னதற்கு மறுநாள் காலையில் தகட்டை நிமிர்த்திவிட்டு, தறி டக்கென்று நின்றதும், வேறு யாரையும் இல்லை, அவளையே அல்லவா கூப்பிட்டான்... "பாத்தியா, எப்படி யோசிச்சிருக்கேன்னு!" அவள் காப்பி டம்ளரோடு வந்து நின்றாள், ஏதாவது சொன்னாளா, சிரித்தாளா, முகம் எப்படி இருந்தது? "அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா?" இருக்கேன் என்றான், யோசித்து யோசித்துப் பார்த்தான், டம்ளர் ஞாபகம் வருகிறது, முகம் வரவில்லை, பார்த்திருந்தால்தானே வரும்.