மல்சூன் நிறுத்திய வரி

1
இந்தக் கதை பியற்றிஸ் அக்காவுடையது. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் இல்ஃபோர்டில், பஸ்ஸில் அவர் சொன்னதை நான் எடுத்துக்கொண்டேன். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் பன்னிரண்டு வருடமாக அவரோடு சேர்ந்து விரிப்பு மடிப்பவர் மல்சூன் என்ற கொரியப் பெண். மல்சூன் ஒரு கவிஞர் என்பது போன மாதம்தான் அக்காவுக்குத் தெரிந்ததாம்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நாடிழந்த அந்தக் கவிஞரின் கண்களில் கடல்—'

அக்கா வாசித்துவிட்டு, "உது ஆர்? மல்சூன் அழுது நான் காணேல்லை. அவ சரியான பகிடிக்காரி" என்றார்.

வெட்டிவிட்டேன்.

(கொரிய மொழியிலும் அம்மா, அப்பா என்ற சொற்கள் உண்டு என்று இங்கே ஒரு பத்தி எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதமாட்டேன்.)

3
இளவயதில் மல்சூன் சியோலில் பஸ் நடத்துனர். நெரிசலில் கேட்டதையெல்லாம் கவிதையாக்கி ஒரு தொகுப்புப் போட்டார். "டிக்கெட் கிழிக்கிறவள் இப்படி எழுதுவாளா? யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றார் ஒரு விமர்சகர். பிறகு நாற்பது வருடம் ஒரு வரிகூட வெளிவரவில்லை.

அந்தத் தொகுப்பு எப்படியோ இங்கே ஒரு கொரிய நூலகரின் கையில் கிடைத்தது. தன் நூலகத்துக்கு வந்து கவிதை வாசிக்கும்படி மல்சூனைக் கேட்டார். பியற்றிஸ் பக்கத்தில் நின்றால் வருவேன் என்றார் மல்சூன். விரிப்பு மடித்தபடியே கவிதைகளின் பொருளை அக்காவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார், அக்கா எனக்குத் தமிழில் சொன்னார், கூட்டத்தில் வாசிக்க நான் எழுதிக் கொடுத்தேன்.

4
சனிக்கிழமை. நூலகத்தில் முப்பது பேர், பாதிப் பேர் அக்கா கூட்டிவந்த தமிழர். மூன்றாவது கவிதையின் நடுவில் மல்சூனின் குரல் நின்றுவிட்டது.

(அவரை இங்கே அழவைக்க எனக்கு மறுபடி ஆசை வந்தது. மன்னியுங்கள்.)

அக்கா எழும்பி, அந்தக் கவிதையைத் தமிழில் சொன்னார்:

"உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ எண்டு
நாள் முழுக்கக் கத்தினன்.
விடுதிக்கு வந்து கதவைத் திறந்தால்
உள்ளுக்கு எனக்கே இடமில்லை."

தமிழர்கள் சிரித்துவிட்டார்கள். மல்சூனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிரிப்பு எந்த வரிக்கு வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். நிமிர்ந்தார். அதே கவிதையை முதலிலிருந்து உரத்து வாசித்தார். முடித்ததும் கொரிய மொழியில் ஏதோ சொன்னார். நூலகர் மொழிபெயர்த்தார்: "இதை எழுதியது நான்தான்."

5
திங்கட்கிழமை மல்சூன் புதிதாக ஒன்று எழுதிக் கொண்டுவந்து, பொருளும் சொல்லி, அக்காவிடம் கொடுத்திருக்கிறார். கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று ஓடினேன்.

"ஏலாது, தாரகா. உது எனக்கெண்டு எழுதினது."

"ஒரு வரியாவது சொல்லுங்கோ அக்கா."

"ஒரு வரியும் இல்லை." கைப்பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டுச் சிரித்தார்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் அவரிடமே கேளுங்கள். கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.